புதிய திகில் கதைகளைக் கண்டடைய எந்த வாசிப்புச் சவால்? ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

"பேய்க்கதை, அமானுஷ்யம், திகில் என்று இந்த வருஷம் புதிதாக நிறையப் படிக்க வேண்டும். எந்தச் சவாலில் சேரலாம்?" என்று கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. (வாசிப்புச் சவால் என்றால் இத்தனை புத்தகம், இந்த மாதிரிப் புத்தகம் என்று ஒரு இலக்கு வைத்துக்கொண்டு படிப்பது.) சிலருக்குப் படிப்பதே குறைந்துபோய்விட்டது, பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க ஏதாவது ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. மற்றவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள். ஆனால் அதே மூன்று நான்கு எழுத்தாளர்களைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். முதல் வகையினருக்குக் கைகொடுக்கும் சவால், இரண்டாம் வகையினரைப் பழைய தடத்திலேயே இன்னும் வேகமாக ஓட வைக்கும். அதனால் எந்தச் சவால் சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது எழுத்தாளர்களைக் கண்டடைவதுதான் நோக்கம் என்றால் புத்தகங்களை எண்ணாதீர்கள். சிறுகதைகளையும் பெயர்களையும் எண்ணுங்கள். மற்ற வழிகளுக்கும் உரிய இடம் இருக்கிறது. அது எங்கே என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

எதை வைத்து எடைபோடுவது

சவாலை முடிக்கும்போது இதுவரை படித்திராத எத்தனை பேர் நமக்கு அறிமுகமாகியிருப்பார்கள்? முதல் அளவுகோல் இதுதான். நாம் தேடிப் போவது இதைத்தான் என்பதால் இதற்கே அதிக மதிப்பெண்.

இரண்டாவது அளவுகோல் வேகம். திகில் எழுத்து அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. நல்ல பேய்க்கதை பலவற்றில் முதல் நாற்பது பக்கம் எதுவுமே நடக்காது. ஒரு வீடு, ஒரு குடும்பம், கொஞ்சம் சரியில்லாத ஏதோ ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். அந்தப் பக்கங்களை மேலோட்டமாகத் தாண்டிப் போனால் பின்னால் வர வேண்டிய பயம் வராது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரே அமர்வில் படித்து முடிக்க முடியாத படைப்பு மனத்தில் ஏற்படுத்தும் விளைவின் ஒருமையை இழந்துவிடுகிறது என்று வாதிட்டார். எல்லா வகை எழுத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். திகிலுக்கு மிகவும் பொருந்துகிறது. தினம் ஐந்து பக்கம் என்று துண்டு துண்டாகப் படித்தால் பயம் ஒவ்வொரு நாளும் ஆரம்பத்திலிருந்து சேர வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பாதியில் விடும் உரிமை. மற்ற வகைகளில் பிடிக்காத புத்தகத்தை மட்டும் மூடி வைப்போம். இங்கே தாங்க முடியாத புத்தகத்தையும் மூடி வைக்க வேண்டிவரும். குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, உடல் சிதைவு, விலங்கு வதை, தற்கொலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிப் படிக்கச் சொல்லி உங்களை நெருக்கும் எந்தச் சவாலும் நல்ல சவால் இல்லை.

நான்காவது, அது எந்த வகைக் கதை என்பது முன்கூட்டியே தெரிகிறதா என்பது. அமானுஷ்யம் என்ற ஒரே அலமாரியில் ரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் கதையும் இருக்கும், ரத்தக்காட்டேரி ஊரையே தின்று தீர்க்கும் கதையும் இருக்கும். முதல் வகையில் ஆவியும் ஓநாய்மனிதனும் கதையின் சூழல் மட்டுமே. கதையை நடத்திச் செல்வது காதல், முடிவில் ஒரு நிறைவு உண்டு. இரண்டாவது வகையில் வாசகரின் நிம்மதியைக் கலைப்பதே நோக்கம். இரண்டுமே நன்றாக எழுதப்படக்கூடிய வகைகள்தான். ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்று கையில் கிடைத்தால்தான் ஏமாற்றம். பல சவால்கள் இரண்டையும் கலந்தே வைத்திருக்கின்றன.

கடைசியாக, புத்தகம் கிடைக்குமா? திகிலில் புதுமுகங்கள் பலர் சிறு பதிப்பகங்களிலும் இதழ்களிலும்தான் முதலில் வருகிறார்கள். பட்டியலில் உள்ளவற்றில் பாதி நூலகத்திலும் இல்லை, அச்சிலும் இல்லை என்றால் படிக்க வேண்டிய நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

| வழி | புதுப் பெயர்கள் | நிதானத்துக்கு இடம் | பாதியில் விடலாமா | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| ஆண்டு எண்ணிக்கை | குறைவு | குறைவு | விட்டால் கணக்கு இடிக்கும் | பழகிய எழுத்தாளர்கள் பக்கம் சாய்வது |
| பிங்கோ கட்டங்கள் | அட்டையைப் பொறுத்தது | பரவாயில்லை | வேறு கட்டத்துக்குப் போகலாம் | புத்தகம் தேடும் நேரம் |
| பருவகாலச் சவால், கூட்டு வாசிப்பு | குறைவு | மிக நன்று | சங்கடம் | எல்லாரும் படிப்பதையே படிப்பது |
| சிறுகதைத் தொகுப்பு | மிக அதிகம் | நன்று | மிக எளிது | ஏறி இறங்கும் தரம் |
| விருது, எழுத்தாளர் பட்டியல் | அதிகம் | நம் கையில் | எளிது | புத்தகம் கிடைப்பது |

ஆண்டு எண்ணிக்கைச் சவால்

குட்ரீட்ஸ் தளத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு எண்ணைக் குறித்துவிட்டு, முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் அதில் சேர்த்துக்கொண்டே போவது. பரவலாகத் தெரிந்த முறை இதுதான். படிப்பே நின்றுபோனவருக்கு நல்ல முறையும்கூட. 12 என்று போட்டால் மாதம் ஒன்று, இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

சிக்கல் ஆண்டின் கடைசி மாதங்களில் தொடங்குகிறது. இன்னும் நான்கு புத்தகம் பாக்கி என்ற நிலையில், அறிமுகமில்லாத ஒருவரின் நாவலை எடுக்கத் துணிவு வராது. அறுபதாம் பக்கத்தில் அது பிடிக்காமல் போனால் அந்த அறுபது பக்கமும் கணக்கில் இல்லை. ஆகவே கை தானாக ஏற்கெனவே பிடித்த எழுத்தாளரிடம் போகும். புதியவரைப் படிப்பதில் எப்போதும் கொஞ்சம் நஷ்டம் உண்டு. இந்த முறை அந்த நஷ்டத்தை நேரடியாக நம் தலையில் கட்டிவிடுகிறது.

90 பக்கக் குறுநாவலும் 900 பக்க நாவலும் இங்கே ஒன்று என்றுதான் எண்ணப்படும். அதனால் மெல்லிய புத்தகங்களின் பக்கம் சாய்வோம் என்பது வழக்கமான குறை. திகிலைப் பொறுத்தவரை இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. குறுநாவல் இந்த வகைக்கு அருமையாகப் பொருந்தும் நீளம். 1872இல் ஒரு தொகுப்பில் இடம்பெற்ற ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா', 1898இல் வெளிவந்த ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' இரண்டுமே அந்த அளவுதான். இரண்டையும் ஒரே இரவில் முடிக்கலாம். பெரிய நாவல்களை விரும்புபவர் என்றால், புத்தகத்துக்குப் பதில் பக்கங்களையோ படித்த மணிநேரத்தையோ இலக்காக வைக்க ஸ்டோரிகிராஃப் செயலியில் வசதி இருக்கிறது.

பிங்கோ கட்டங்கள்

ஐந்துக்கு ஐந்து என்று மொத்தம் 25 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிபந்தனை. பாழடைந்த வீடு, கடல், கடிதங்களால் ஆன கதை, மொழிபெயர்ப்பு, எழுத்தாளரின் முதல் புத்தகம், இந்த மாதிரி. ஒரு வரிசையை நிரப்பினாலே வெற்றி என்று வைத்துக்கொண்டால் ஐந்து புத்தகத்தில் முடித்துவிடலாம். ஆசை இருந்தால் மொத்த அட்டையையும் நிரப்பலாம்.

அட்டையை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டங்களில் இரண்டு ரகம் இருக்கின்றன. கதைக்குள் என்ன வருகிறது என்று கேட்பவை ஒரு ரகம்: சூனியக்காரி, பொம்மை, காடு, முழுநிலவு. இவை உங்களைப் புதியவரிடம் கொண்டுபோகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உங்கள் அபிமான எழுத்தாளரே காட்டைப் பற்றியும் எழுதியிருப்பார், பொம்மையைப் பற்றியும் எழுதியிருப்பார். யார், எங்கே, எப்போது எழுதியது என்று கேட்பவை இன்னொரு ரகம்: முதல் நாவல், கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்தது, மொழிபெயர்ப்பு, 1900க்கு முந்தையது, இதுவரை நீங்கள் படித்திராத நாட்டைச் சேர்ந்தவர் எழுதியது. புதுப் பெயர்கள் இந்தக் கட்டங்கள் வழியாகத்தான் வருகின்றன. மொழிபெயர்ப்பு என்ற ஒரே கட்டம் போவின் ரசிகரை எடோகவா ராம்போவிடம் கொண்டு சேர்க்கலாம். ஜப்பானின் இந்த எழுத்தாளர் எட்கர் ஆலன் போ என்ற பெயரின் ஜப்பானிய உச்சரிப்பிலிருந்துதான் தன் புனைபெயரை அமைத்துக்கொண்டார். அதே கட்டம் அர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கெஸிடமும் கொண்டுபோகலாம். அவருடைய கதைகளில் ராணுவ ஆட்சிக் காலத்தின் நினைவுகள் பேய்களோடு கலந்து வரும்.

இரண்டாம் ரகக் கட்டங்கள் பத்தாவது இருக்கும் அட்டையைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே ஒன்று வரைந்துகொள்ளலாம், அரை மணி நேர வேலைதான்.

செலவு எங்கே வரும் என்றால், தேடுவதில். "கலங்கரை விளக்கத்தில் நடக்கும் கதை" என்ற கட்டத்துக்காக ஒரு மாலை முழுவதும் தேடி, கடைசியில் கிடைத்த சுமாரான நாவலை வேண்டாவெறுப்பாகப் படித்து முடிப்பது நடக்கக்கூடியது. இதற்கு எளிய தீர்வு, ஒரு கட்டத்துக்கு ஒரு சிறுகதை போதும் என்று விதியைத் தளர்த்துவது.

பருவகாலச் சவாலும் கூட்டு வாசிப்பும்

அக்டோபரை ஒட்டி வரும் சவால்கள் இவை. 2006இல் தொடங்கிய ஆர்.ஐ.பி. (ரீடர்ஸ் இம்பைபிங் பெரில்) என்ற இணையச் சவால் இவற்றில் பெயர் பெற்றது. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் மர்மம், திகில், கோதிக் (பழைய மாளிகை, இருண்ட ரகசியம் என்று போகும் கதைகள்), அமானுஷ்யம் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். நான்கு புத்தகம் படிப்பவர், ஒன்றே ஒன்று படிப்பவர், சிறுகதை மட்டும் படிப்பவர் என்று அதில் படிநிலைகள் வைத்திருந்தார்கள். வசதியைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம். ஒரு சவால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே புத்தகத்தைப் பலர் சேர்ந்து, தேதி வைத்துப் படிப்பது இதன் இன்னொரு வடிவம். நிதானம் என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் கிடையாது. 1897இல் வெளிவந்த 'டிராகுலா' முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு இவற்றால் ஆனது. மே 3ஆம் தேதி தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை போகும். 2021இல் தொடங்கிய 'டிராகுலா டெய்லி' என்ற மின்னஞ்சல் சேவை, அந்தந்தத் தேதிக்குரிய பகுதியை அதே தேதியில் அனுப்புகிறது. நாவலில் முன்பின்னாக இருக்கும் பகுதிகள் இதில் கால வரிசைக்கு வந்துவிடும். கோட்டையில் சிக்கிக்கொண்டவனிடமிருந்து சில நாள் எதுவும் வராது. அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று நாமும் அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். ஒரே அமர்வில் படிக்க வேண்டும் என்ற போவின் வாதத்துக்கு இது நேர் எதிர். ஆனாலும் வேலை செய்கிறது, ஏனென்றால் இங்கே காத்திருப்பதும் கதையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

புதுமுகங்களைத் தேடுபவருக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பலர் சேர்ந்து தேர்ந்தெடுக்கும்போது பலருக்கும் ஏற்கெனவே தெரிந்த பெயர்தான் ஜெயிக்கும். பிறகு, எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதால் நூலகத்தில் காத்திருப்புப் பட்டியல் நீளும். உங்களைவிட வேகமாகப் படித்தவர் முடிவைச் சொல்லிவிடும் அபாயமும் உண்டு. ஒரே மாதத்தில் வரிசையாகத் திகிலாகப் படித்துத் தள்ளினால் பயம் மரத்துப்போகும் என்பதை இந்த வகை வாசகர்கள் எல்லோருமே அறிவார்கள். நடுநடுவே வேறு ஏதாவது படித்துக்கொள்ளுங்கள்.

சிறுகதைத் தொகுப்பு வழி

என் பரிந்துரை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பலர் எழுதிய கதைகளின் தொகுப்பு ஒன்றில் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது கதைகள் இருக்கும். ஒரு நாவல் படிக்கும் நேரத்தில் பதினைந்து பேரைச் சந்தித்துவிடலாம். ஆண்டுக்கு 12 நாவல் படிப்பவர் அதிகபட்சம் 12 பேரைச் சந்திப்பார். நான்கு தொகுப்பு படிப்பவர் அறுபது பேரைத் தாண்டிவிடுவார். கதை பிடிக்கவில்லையா, நான்காம் பக்கத்தில் விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போகலாம், எந்தக் கணக்கும் கெடாது. தாங்க முடியாத காட்சி வந்தாலும் அதேதான்.

வடிவமும் சாதகமாக இருக்கிறது. பயத்தை நீண்ட நேரம் தக்கவைப்பது கடினம். இந்த மரபின் பெரிய சாதனைகளில் கணிசமானவை சிறுகதைகளாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1902இல் வந்த டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் குரங்குப் பாதக் கதையை இன்றும் மக்கள் ஒருவருக்கொருவர் வாய்வழியாகச் சொல்கிறார்கள். எம். ஆர். ஜேம்ஸ் தன் பேய்க்கதைகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காகவே எழுதினார். 1904இல் வந்த அவருடைய முதல் தொகுப்பு அப்படி உருவானதுதான்.

எங்கே தொடங்குவது? எலன் டாட்லோ தொகுத்து 2009 முதல் வந்துகொண்டிருக்கும் 'தி பெஸ்ட் ஹாரர் ஆஃப் தி இயர்' வரிசை நல்ல தொடக்கம். கதைகளைப் போலவே அதன் முன்னுரையும் பயனுள்ளது. அந்த ஆண்டில் வந்த நாவல்கள், தொகுப்புகள், இதழ்கள் எல்லாவற்றையும் அவர் அதில் விரிவாகப் பேசுவார். பின்பக்கத்தில், தேர்வாகாவிட்டாலும் குறிப்பிடத்தக்க கதைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பலரும் புரட்டாமல் விட்டுவிடும் அந்தப் பக்கங்களில் அடுத்த ஆண்டுக்கான வாசிப்பே கிடைத்துவிடும்.

செலவே இல்லாமல் தொடங்கவும் வழி இருக்கிறது. 2012இல் தொடங்கிய 'நைட்மேர்' இதழின் கதைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 'சூடோபாட்' 2006 முதல் திகில் சிறுகதைகளை ஒலிவடிவில் தருகிறது. காதால் கேட்கும்போது அவசரமாகத் தாண்டிப் போக முடியாது என்பதால், மேலோட்டமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிக நல்ல மாற்று. காப்புரிமை முடிந்த பழைய கதைகளுக்கு ப்ராஜெக்ட் குடன்பெர்க் இருக்கிறது, அவற்றின் ஒலிவடிவத்துக்கு லிப்ரிவாக்ஸ் இருக்கிறது.

மறைமுகச் செலவுகள் என்று பார்த்தால், முதலாவது தரம். எந்தத் தொகுப்பிலும் எல்லாக் கதையும் நன்றாக இருக்காது. அதைவிட முக்கியமானது, ஒரே தொகுப்பாசிரியரையே தொடர்ந்தால் அவருடைய ரசனைக்குள்ளேயே அடைபட்டுப் போவோம். ஆண்டுக்கு நான்கு தொகுப்பு என்றால் நான்கும் நான்கு பேர் தொகுத்ததாக இருக்கட்டும். ஒரே கருப்பொருளில் அமைந்த தொகுப்பை ஒரே மூச்சில் படித்தால் ஐந்தாவது கதையிலேயே திருப்பம் எப்படி வரும் என்று ஊகித்துவிடுவோம். வாரம் ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது. அப்புறம், மிகவும் பிடித்துப்போன ஒருவர் அதற்குப் பிறகு புத்தகமே போட்டிருக்க மாட்டார். இந்த வழியில் வருகிறவர்களுக்கு அந்த ஏக்கம் தவிர்க்க முடியாதது.

இதையே சவாலாக மாற்றுவது சுலபம். வாரம் ஒரு கதை, ஒவ்வொரு வாரமும் வேறு எழுத்தாளர், ஆண்டுக்கு 52. ஒரு நோட்டில் எழுத்தாளர் பெயர், கதை, மறுநாளும் நினைவில் நின்றதா என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். நினைவில் நின்றவரின் இன்னொரு கதையைத் தேடிப் படியுங்கள். அதுவும் நின்றால் அவருடைய நாவலை எடுக்கலாம். ஒரே கதையை நம்பி நாவல் வாங்க வேண்டாம். சிறுகதையில் அசத்துபவர்கள் எல்லாரும் நாவலிலும் அப்படியே இருப்பதில்லை.

விருதுப் பட்டியலும் எழுத்தாளர்களின் பட்டியலும்

இதை முழுச் சவாலாகச் செய்வதைவிடத் துணையாக வைத்துக்கொள்வது மேல். ஹாரர் ரைட்டர்ஸ் அசோசியேஷன் என்ற திகில் எழுத்தாளர் சங்கம் வழங்கும் பிராம் ஸ்டோக்கர் விருது 1987ஆம் ஆண்டின் படைப்புகளிலிருந்து தொடங்கியது. அதில் முதல் நாவலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, புதுமுகம் தேடுபவர் நேராக அங்கே போகலாம். 2007இல் ஏற்படுத்தப்பட்ட ஷர்லி ஜாக்சன் விருது, உளவியல் திகிலையும் இருண்ட மிகுபுனைவையும் சேர்த்துக்கொள்கிறது. முதலாவதில் சங்க உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள், இரண்டாவதில் நடுவர் குழு தேர்வு செய்கிறது. ஆகவே பட்டியல்களின் குணமும் வேறுபடும். வென்றவரை எப்படியும் கேள்விப்பட்டுவிடுவோம் என்பதால், இறுதிச் சுற்றுக்கு வந்த மற்றவர்களைப் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் ஆங்கிலப் படைப்புகளே பெரும்பான்மை என்பது குறை.

எழுத்தாளர்கள் தயாரித்த பட்டியல்களில் இரண்டு முக்கியமானவை. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1927இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை அதுவரையிலான அமானுஷ்ய இலக்கியத்தின் வரலாறு. ஸ்டீபன் கிங் 1981இல் எழுதிய 'டான்ஸ் மகாப்ர' நூலின் பின்னிணைப்பில் அவர் பரிந்துரைக்கும் புத்தகங்களின் பெரிய பட்டியல் உண்டு. பழையவர்களைக் கண்டடைய இரண்டும் பொக்கிஷம். இன்று எழுதுபவர்கள் அங்கே கிடைக்க மாட்டார்கள்.

செயலிகளின் பரிந்துரையை நம்பலாமா என்றும் கேட்கிறார்கள். வாசகர்கள் என்ன முத்திரை குத்தியிருக்கிறார்களோ அதைத்தான் செயலி காட்டும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' தமிழின் மிகச் சிறந்த பேய்க்கதைகளில் ஒன்று. ஆனால் இலக்கியச் சிறுகதைகள் என்ற தலைப்பின் கீழ் இருப்பதால் திகில் என்று தேடுபவர் கண்ணில் அது படாமலே போகலாம். தமிழில் இப்படி ஒளிந்திருக்கும் கதைகள் இன்னும் பல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற மின்னூலகங்களில் சிறுகதைத் தொகுதிகளை நேரடியாகப் புரட்டுவதுதான் அவற்றைப் பிடிக்கும் வழி. செயலிகளை நான் வேறு ஒன்றுக்குப் பரிந்துரைப்பேன். ஸ்டோரிகிராஃபில் வாசகர்கள் பதியும் உள்ளடக்க எச்சரிக்கைகள் இருக்கின்றன. உங்கள் எல்லையைத் தாண்டும் விஷயம் புத்தகத்தில் எந்த அளவுக்கு வருகிறது என்று தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

யார் எதை எடுக்கலாம்

படிக்கும் பழக்கமே விட்டுப்போனவர்: சிறிய எண்ணோடு ஆண்டுச் சவால், அதில் குறுநாவல்களுக்கு முன்னுரிமை. மூன்று மாதத்தில் பழக்கம் திரும்பிவிட்டால் எண்ணை ஏற்றாதீர்கள், தொகுப்புக்கு மாறுங்கள்.

ஒரே எழுத்தாளரைச் சுற்றி வருபவர்: யார், எங்கே, எப்போது என்று கேட்கும் கட்டங்கள் நிறைந்த பிங்கோ, அல்லது 52 கதைகள். நேரம் குறைவு என்றால் இரண்டாவது.

தனியாகப் படிக்கப் பயப்படுபவர், படித்ததைப் பேச ஆள் வேண்டும் என்பவர்: பருவகாலக் கூட்டு வாசிப்பு. சேரும் முன் தேர்வான புத்தகத்தின் எச்சரிக்கைகளைப் பார்த்துவிடுங்கள்.

அமானுஷ்யக் காதல் கதைகளைத் தேடுபவருக்கு மட்டும் என் பரிந்துரை மாறுகிறது. அந்த வகைக்கு நீளமும் தொடர் நாவல்களும்தான் பலம், இரண்டு பேருக்கிடையே உறவு வளர இடம் வேண்டும். சிறுகதைத் தொகுப்பு அங்கே அவ்வளவு எடுபடாது. பிங்கோவே மேல், அதிலும் ஒவ்வொரு தொடரிலிருந்தும் முதல் புத்தகத்தை மட்டும் எடுப்பது என்ற விதியோடு. தொடர் முழுவதையும் படிக்கத் தொடங்கினால் ஆண்டு முழுக்க ஒரே எழுத்தாளரோடு போய்விடும்.

நிறையப் படித்துப் பழகியவர்: தொகுப்புகளை அடித்தளமாக வைத்து, ஸ்டோக்கர் விருதின் முதல் நாவல் பிரிவிலிருந்து ஆண்டுக்கு இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் கழித்து நோட்டைப் பாருங்கள். மறுநாளும் நினைவில் நின்ற பெயர் ஒன்றுகூட இல்லையென்றால், அடுத்து எடுக்கும் தொகுப்பு வேறொருவர் தொகுத்ததாக இருக்கட்டும்.